தண்ணீர் குடித்த பலகை

மதி,

நீ சனிக்கிழமை பை அடுக்கும்போது துவாயை உதறி மடிப்பாய், அப்போது இது கீழே விழும் என்று நினைத்துத்தான் துவாய்க்குள் வைக்கிறேன். நேரில் சொல்ல மூன்று நாளாக முயன்றேன். நேற்று நீ முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று வாயையும் திறந்துவிட்டேன். "என்னக்கா?" என்றாய். "மிளகாய்த்தூள் முடியப்போகுது" என்றேன். "அதுக்கே உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு நீ விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டு போய்விட்டாய். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. உன் முகம்தான் என்றாலும், கதை பெரிதென்றால் வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்தி வாசி. வாசித்து முடித்ததும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. மறைத்து வைத்தே பழகிவிட்டேன், இனி மறைக்க விருப்பமில்லை.

பிள்ளை வீட்டைவிட்டுப் போகும்போது இப்படி ஒரு கடிதத்தைத் தாய்தான் எழுதவேண்டும். அம்மா இரண்டு வருடம் என்று சொல்லி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவா. ஆறு வருடம் முடிந்துவிட்டது. அவா போகும்போது எனக்குப் பதின்மூன்று, உனக்குப் பதினொன்று. அதற்கு முதல் வருடம்தான் வயல் காவலுக்குப் போன அப்பாவை யானை அடித்துக் கொன்றது. பக்கத்து வளவுப் பெரியம்மா துணைக்கு வந்து படுப்பா, மற்றதெல்லாம் நான். உன் தவணை அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் இடும் இடத்தில் அம்மாவின் கையெழுத்தைப் பழகி வைத்தது நான். நீ பெரியபிள்ளையானபோது தண்ணீர் வார்க்க மாமி முறைக்கு ஆளில்லாமல் பெரியம்மாதான் வார்த்தா. தாய் நிற்கவேண்டிய இடத்தில், துவாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு அப்போது பதினைந்துகூட முடியவில்லை. "தாய்க்கும் சேர்த்து ஒரு வாளி ஊத்திவிடுங்கோ, அதுவும் குமரிப்பிள்ளைதானே" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நீயும் ஈரத் தலையோடு சிரித்தாய். நான் அழாமல் நிற்பதற்காக உன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே இதை அக்காவின் கடிதம் என்று எடுத்தாலும் சரி, தாயின் கடிதம் என்று எடுத்தாலும் சரி.

போன கிழமை, நான் வேலை செய்த விடுதியின் கடற்கரைக் கொட்டிலில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். முதலாளி அண்ணை விடுதியை மூடிவிட்டுத் திரும்ப வெளிநாட்டுக்கே போகிறார். நாலு அறையும் ஏழு அலைச்சறுக்குப் பலகையும் வைத்துத் தொடங்கியவர். வருகிற ஆட்கள் வருடா வருடம் குறைந்து, கடைசி மாசியில் ஒரேயொரு குடும்பம் வந்தது. "அலையில ஓடுற பலகையை நான் வயலுக்குள்ளயே கொண்டுபோய் வைக்கிறது? ஆளுக்கு ஒண்டு எடுங்கோ பிள்ளையள்" என்றார். நீ பலகைகளைப் பார்த்துக்கொண்டு, "எதை எடுக்கிறது அக்கா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் நீயே சொன்னாய். "எதெண்டாலும் பரவாயில்ல. நான் அங்க அறை கூட்டத்தானே போறன்." அந்தக் கடைசி வசனம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. பொத்துவிலில் இதே மாதிரிப் பலகை விடுதி வைத்திருக்கிற அக்கா போனில் உன்னிடம் இரண்டு வேலை சொன்னா. ஒன்று அவாவோடு கடலில் நின்று, புதிதாகப் பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழகுவது. மற்றது அறைகளைத் துப்புரவு செய்வது. "யோசிச்சுச் சொல்லும் தங்கச்சி" என்று அவா சொல்லி முடிப்பதற்குள், "அறைவேலையே போதும் அக்கா, எனக்குக் கடல் வராது" என்று நீ சொல்லிவிட்டாய். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

உனக்குக் கடல் வராது என்று யார் சொன்னது? அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

நான் அந்தக் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தபோது பலகையின் மூக்கு எது, வால் எது என்றுகூடத் தெரியாது. ஒட்டுசுட்டானில் பிறந்த எங்கள் வீட்டில் குளத்துக்கு அப்பால் தண்ணீர் கண்டவர்கள் இல்லை. பலகைகளைக் கழுவுவது, மணல் தட்டுவது, வெயில் படாமல் அடுக்குவது, கேட்கிறவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது, இதுதான் வேலை. மீன் பெட்டி செய்கிற றெஜிபோம் மாதிரி உள்ளுடம்பு, மேலே மெத்தென்ற தோல், கீழே வழுவழுப்பு. தலையில் பட்டாலும் உடையாது என்பதால் பழகுகிறவர்களுக்கு அதுதான். வருகிறவர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், குனிந்துகொள்வேன். குனிந்து குனிந்தே ஒன்றைப் பழகினேன். ஈர மணலில் அவர்களின் காலடி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பேன். ஆழம் போனால் தடித்த, அகலமான, ஒன்பதடிப் பலகை. மேலோட்டமாக நின்றால் எட்டடி. குதி மட்டும் ஆழமாகப் பதிந்தால் ஆள் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறவர், அவருக்கு வால் அகலமானது. அண்ணை இதைக் கண்டுபிடித்துவிட்டு, "இஞ்ச வாருங்கோ, எங்கட பிள்ளை உங்கட காலைப் பாத்துப் பலகை சொல்லும், கையைப் பாத்துச் சாத்திரம் சொல்லுற மாதிரி" என்று எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார். வெட்கத்தில் கொட்டிலுக்குப் பின்னால் போய் நிற்பேன். ஆனால் நான் சொன்ன பலகை பிழைத்ததில்லை.

ஒரு முறைதான் பிழைத்தது. அதுவும் பிழைத்ததில்லை, நான் பிழைக்க வைத்தது.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பஸ்ஸில் வரத் தொடங்கிய நேரம். அலை கொஞ்சம் அடங்கியிருந்த மாசி மாதம். நீ முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு அலைக்கும் கத்திச் சிரித்தாய். அப்பா போன பிறகு உன்னுடைய அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அண்ணை பார்த்துவிட்டு, "பிள்ளைக்கும் ஒண்டு எடுத்துக் குடுமன்" என்றார். நான் மணலில் உன் காலடியைப் பார்த்தேன். முன்பாதமும் குதியும் ஒரே அளவில், தட்டில் ஊற்றிய கூழ் மாதிரி மட்டமாகப் பதிந்திருந்தன. அப்படி ஒரு காலடியை நான் அதற்கு முதலும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. மஞ்சள் நிற எட்டடிப் பலகையில் ஏறினால் இந்தப் பிள்ளை அன்றைக்கே எழும்பி நிற்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் மஞ்சளைத் தொட்டேன். பிறகு மூலையில் கிடந்த நீலத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நீலம் ஆறடி. வால் பக்கத்தில் வெடிப்பு. அந்த வெடிப்பால் தண்ணீர் உள்ளே போய்ப் போய், பலகை பஞ்சு மாதிரிக் குடித்து வைத்திருந்தது. எறிவதற்கென்று ஒதுக்கியது. "நீ சின்னப் பிள்ளை, உனக்குச் சின்னப் பலகை" என்று தந்தேன். செருப்பு வாங்குவது மாதிரிச் சொன்னேன், நீயும் நம்பினாய். தூக்கிப் பார்த்துவிட்டு, "சின்னதெண்டாலும் என்ன பாரமக்கா!" என்றாய். "கடல்தண்ணி பட்டா எல்லாம் பாரம்தான்" என்றேன்.

பதினொரு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் நீ அதில் ஏறி விழுந்ததைக் கொட்டில் வாசலில் இருந்து பார்த்தேன். கொழும்பிலிருந்து ஒரு கந்தோர் உத்தியோகத்தர் வந்தார், வயிறு பெருத்த மனிதர். உன் மஞ்சளில் முதல் நாளே நின்றுவிட்டு, கரைக்கு வந்து கையைத் தூக்கி ஆடினார். நீ அவருக்குக் கைதட்டினாய். பிறகு என்னிடம் வந்து, "அந்த மாமா நிக்கிறார், நான் ஏனக்கா நிக்கிறனில்ல?" என்று கேட்டாய். நான் உன் தலையைத் துவட்டினேன். அண்ணைகூட ஒருநாள், "ஏன் உந்த நீலத்தைக் குடுத்தனீர்? அது செத்த பலகையெல்லே" என்று கேட்டார். "அவளுக்கு அந்த நிறம்தான் பிடிச்சிருக்காம்" என்றேன். ஆட்களோடு கதைக்க வராத எனக்கு அன்றைக்குப் பொய் மட்டும் தடக்கில்லாமல் வந்தது.

பதினோராவது ஞாயிறு பலகை புரண்டு உன் இடது புருவத்தில் அடித்தது. தண்ணீர் குடிக்காத மெத்தைப் பலகை பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். இது பிளந்துவிட்டது. இரண்டு தையல் போட்டுக்கொண்டு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்திருந்தாய். பஸ் புதுக்குடியிருப்பைத் தாண்டியது. பிறகு, "அக்கா, என்ர உடம்பில ஏதோ ஒண்டு பிழையா இருக்கு. எனக்கு வராது" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மனம் என்ன செய்தது தெரியுமா? ஆறுதல்பட்டது. அப்பாடா, இனிப் போகமாட்டாள் என்று. அந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனோமே, தேங்காயும் கர்ப்பூரமும் நீதான் சுமந்துகொண்டு வந்தாய். "என்ன நேத்தி அக்கா?" என்று கேட்டாய். "உன்ர படிப்புக்கு" என்றேன். நீ கடலை விட்டால் பொங்குகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். என் நேத்தியை உன் தலையிலேயே சுமக்க வைத்தேன்.

கடல் உன்னைக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று எழுதினால் நீ இரங்குவாய். அது பாதி உண்மை. அப்பா காவலுக்கென்று போனார், அம்மா உழைக்கவென்று போனா. போகிறவர்கள் திரும்புகிற வீடு இல்லை எங்களுடையது. ஆனால் மற்றப் பாதியையும் எழுதுகிறேன். நீ தண்ணீரில் நின்று சிரித்தபோது, நான் இல்லாத ஒரு இடத்தில் நீ சந்தோசமாக இருக்கிறாய் என்று கண்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு, தலை இழுத்துப் பின்னி, சோறு குழைத்துத் தந்து வளர்த்த பிள்ளைக்கு நான் தேவைப்படாத இடம் ஒன்று அவ்வளவு கிட்ட, முழங்கால் ஆழத்திலேயே இருக்கிறது என்று கண்டேன். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நீ கடலை விட்டதோடு நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துக்குக் கூப்பிட்டார்கள். "எனக்கு வராது" என்றாய். கணக்குப் பாடத்துக்கு மேலதிக வகுப்புக்கு ரீச்சர் வரச் சொன்னா. "எனக்கு வராது" என்றாய். பெரியம்மாவின் மகள் தையல் பழக்குகிறேன் என்றபோதும் அதையே சொன்னாய். கூச்சம் என்னுடைய வியாதி. நான் பிறக்கும்போதே கொண்டுவந்தது. உன்னிடம் அது இருக்கவில்லை. உன் தலை இழுக்கும் ஒவ்வொரு காலையும் அந்தப் புருவத் தழும்பில் மயிர் முளைக்காத இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் உச்சி பிரித்தேன்.

அண்ணை நீலத்தை எறியப் போனபோது நீ கேட்டு வாங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? வெயில் படாமல் விடுதியின் வெள்ளைக் கட்டில் விரிப்பால் சுற்றிக்கட்டிப் பஸ்ஸில் ஏற்றினோம். "என்ன பிள்ளையள், பிரேதத்துக்கு ரிக்கெற் எடுக்கேல்லையோ?" என்று கொண்டக்டர் கேட்க பஸ்ஸே சிரித்தது. சந்தியில் இறங்கி நீ முன்னுக்கு, நான் பின்னுக்கு, தோளில் வைத்து நடந்தோம். வாசிகசாலைக்கு முன்னால் கதிரையில் இருந்த ஐயா எழும்பி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். "ஆரடா மோனை? எங்க செத்தது?" என்றார். "ஒருதரும் சாகேல்ல ஐயா, இது விளையாட்டுச் சாமான்" என்று சொன்ன நீ, சிரிப்பை அடக்க முடியாமல் வேலியோரம் குந்திவிட்டாய். நான் சிரிக்கவில்லை. "இவாவுக்கு என்ர பகிடி ஒண்டும் விளங்காது" என்று ஐயாவிடம் முறையிட்டாய். விளங்கியது மதி. வெள்ளை சுற்றித் தூக்கிக்கொண்டு போவது என்னவென்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது அது கிணற்றடியில் இரண்டு கல்லின் மேல் கிடக்கிறது, பானை கவிழ்க்கிறோம்.

நீ கேட்ட கேள்விக்கு இனிப் பதில் சொல்கிறேன். மஞ்சளை எடு. எடுத்து வந்து அறைக்குள் சுவரோடு சாய்த்தும் வைத்துவிட்டேன். எட்டடி, தடிப்பு போதும், வெடிப்பில்லை. விளிம்பு முழுவதும் விரலால் அமத்திப் பார்த்தேன், அடிப்பக்கத்துச் செட்டை மூன்றும் இறுக்கமாக இருக்கின்றன, பலகையைக் காலோடு கட்டுகிற கால்கயிறு மட்டும் புதிது மாற்றினேன். ஒரு பலகையைத் தூக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற அளவைவிட அது பாரமாக இருந்தால், யார் என்ன சொல்லித் தந்தாலும், நானே சொல்லித் தந்தாலும், வாங்காதே. அக்குளுக்குள் வைத்துத் தூக்கும்போது ஒரு கை மேலால் சுற்றிக் கீழ் விளிம்பைப் பிடிக்கட்டும், செட்டை உள்பக்கம் உன்னைப் பார்த்திருக்கட்டும். காற்றடித்தால் மூக்கைக் காற்றுக்கு நேரே பிடி. குறுக்கே பிடித்தால் அது பாயாகி உன்னைச் சுழற்றும். களைத்தால் தலையில் வைக்கலாம், ஆனால் விறகுக்கு வைக்கிற மாதிரிச் சும்மாடு வைத்துக் கையை விட்டுவிடாதே. நான் முதல் நாள் அப்படிச் செய்து, பலகை பறந்து அண்ணையின் தேத்தண்ணி மேசையில் இறங்கியது. கால்கயிற்றைப் பிடித்து நாய் இழுப்பது மாதிரி இழுக்காதே. தண்ணீருக்குள் நடக்கும்போது பலகை உன் பக்கத்தில் வரவேண்டும். உனக்கும் அலைக்கும் நடுவில் ஒருநாளும் வரக்கூடாது. உன் புருவம் அப்படித்தான் பிளந்தது. அதைக்கூட நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. பொத்துவிலுக்கு நாலு பஸ் மாறவேண்டும். முதல் பஸ் என்றால் கூட்டம் இல்லை, பின்கதவால் ஏற்றி நடுவில் நீட்டிப் படுக்கவிடு, மெத்தைப் பக்கம் கீழே. எஞ்சின் சூட்டுக்குக் கிட்ட வைத்தால் தோல் கொப்பளிக்கும். கொண்டக்டர் ஏசுவார். நான் என்றால் இறங்கியே போய்விடுவேன். நீ, "கொஞ்சம் இடம் தாங்கோ அண்ணை" என்று கேள். அப்படிக் கேட்க உனக்கு வரும், அந்த ஐயாவிடம் பகிடி விட்டவள் நீ.

இதை வாசித்துவிட்டு கிணற்றடிக்குப் போ. பானைகளை இறக்கி வைத்துவிட்டு நீலத்தைப் புரட்டு. வால் பக்கத்து வெடிப்பில் பெருவிரலை வைத்து நன்றாக அமத்து. தண்ணீர் வரும். நான் நேற்றும் அமத்திப் பார்த்தேன், நிற்காமல் வந்தது. நீ விழுந்தது உன் உடம்பால் அல்ல. அந்தப் பலகையில் எந்தப் பிள்ளை ஏறினாலும் விழுந்திருக்கும். பதினொரு ஞாயிறு அதன் மேல் ஏறிப் பார்க்க உன் ஒருத்தியால்தான் முடிந்திருக்கும். விரலால் தொட்டுப் பார்த்த பிறகு பொத்துவில் அக்காவுக்குப் போன் எடு. இலக்கம் கலண்டரின் பின்பக்கத்தில் இருக்கிறது. எந்த வேலை என்று அப்போது சொல். அறைவேலைதான் உனக்கு விருப்பம் என்றால் அதையே சொல். ஆனால் வராது என்று நினைத்துச் சொல்லாதே.

மன்னித்துவிடு என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் வெட்டினேன். எழுதினால் நீ ஓடிவந்து, "பரவாயில்லக்கா" என்பாய். பரவாயில்லை என்று சொல்லத்தான் நான் உன்னைப் பழக்கியிருக்கிறேன். இந்த முறை சொல்லாதே. கோபம் வந்தால் வரட்டும், அதையும் பையில் வைத்துக்கொண்டு போ. அங்கிருந்து போன் எடுக்கவில்லை என்றால் காரணம் கேட்கமாட்டேன்.

திங்கட்கிழமை சந்திவரைக்கும் வால் பக்கத்தைப் பிடிக்க நான் வரலாம். வேண்டாம் என்றால் படலையோடு நின்றுகொள்வேன். உன்னால் தனியாகவும் தூக்க முடியும். போன கிழமை மத்தியானம் நீ பாயில் அயர்ந்து கிடந்தபோது, தையல் நூலால் உன் அக்குளிலிருந்து விரல் நுனிவரை அளந்தேன். பிறகு அந்த நூலை மஞ்சள் பலகைக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். எட்டுகிறது. விரல்களை மடித்துப் பிடிக்கவும் இடம் மிச்சம் இருக்கிறது.

அக்கா